மணலில் நின்ற கதவு

படிவத்தின் ஓரத்தை மேசையின் ஓரத்தோடு பொருத்தி வைத்த பிறகுதான் அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் என் பேனாவை எடுத்துப் படிவத்துக்கு இணையாக வைத்தார். பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். அது ஆணியில் கொஞ்சம் சரிந்திருந்தது. பார்க்காமலிருக்க முயன்று ஜன்னலைப் பார்த்தார். மறுபடி நாட்காட்டி. கடைசியில் எழுந்தேவிட்டார்.

"ஒரு நிமிஷம்மா. நீங்க பாட்டுக்கு எழுதுங்க."

நாட்காட்டி நேரானது. பல்வலி விட்டவரைப் போல அவர் முகம் தெளிந்தது.

வெள்ள நிவாரண அலுவலகத்தில் படிவம் எழுதுவது என் வேலை. படிவங்கள் அலுவலக மொழியில் இருக்கும். வருகிறவர்கள் வீட்டு மொழியில் பேசுவார்கள். இரண்டும் தெரியும் என்பதால் என்னை நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். என் எதிரே உட்கார்ந்தவர்களில் சிலர் அழுதார்கள், சிலர் சண்டை போட்டார்கள். மேசையை ஒழுங்குபடுத்தியவர் இவர் ஒருவர்தான்.

ஊரில் அவருக்குப் பெயர் தூக்குக்குண்டு. சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் பித்தளைக் குண்டு. அவர் கொத்தனார் அல்ல, விவசாயி. வீடு கட்டியபோது கொத்தனாரின் கண்ணை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கினார். வீடு முடிந்து பதினெட்டு வருஷமாகிறது. குண்டு இன்னும் அவர் சட்டைப் பையில் நூல் சுற்றிக் கிடக்கிறது. அடுத்த வீட்டில் மதில் எழுப்பியபோது, யாரும் கூப்பிடாமலே போய் அதைத் தொங்கவிட்டுப் பார்த்து, "மூணாவது வரிசையிலேர்ந்து வெளிய தள்ளுது" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டுக்காரர் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏழாவது மாதம் மதில் விழுந்தது. பேச்சு வார்த்தை திரும்பியது, பெயரும் நிலைத்தது.

அவர் வீட்டு வாசலில் செருப்புகள் சுவரைத் தொட்டபடி ஒரே கோட்டில் நிற்கும். மண்வெட்டிகள் உயர வரிசைப்படி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி. வெங்காயம் பெரிது, நடுத்தரம், பொடி என்று மூன்று கூடைகளில். கொடியில் சட்டைகளெல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் காயும். கோழிகளை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றைப் பார்க்கும்போது அவர் முகத்தில் தோற்றுப்போன ஒருவரின் பொறுமை தெரியும்.

அவர் மனைவி நேர் எதிர். கலகலவென்று சிரிப்பார், கைக்குக் கிடைத்த இடத்தில் கரண்டியை வைப்பார், அது எங்கே என்று அவரிடமே கேட்பார். "இந்த வீட்டுல எல்லாத்தயும் சுவத்தோரமா நிறுத்தி வச்சிட்டாரு. நான் ஒருத்திதான் பாக்கி" என்று என்னிடம் சொன்னபோது, அவர் காதில் விழாதவரைப் போலப் பாயின் நுனியைக் காலால் சரிசெய்துகொண்டிருந்தார்.

அவர் என் மேசைக்கு வந்தது மானியத்துக்காக. அரசாங்கத் தாளில் அதன் பெயர் ‘பேரிடர் நிலப் பாதுகாப்பு மானியம்’. ஊர்வாயில் மண் மானியம். வெள்ளம் வயலில் கொட்டிவிட்டுப் போன மணலை அள்ள, உடைந்த கரையைக் கட்ட, விழுந்த வேலியைத் திரும்ப நட ஆகும் செலவில் முக்கால் பங்கை அரசு தரும். முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது. வெள்ளம் எப்படி விட்டுவிட்டுப் போனதோ அப்படியே கிடக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு இது ஒரு விதி. இவருக்கு இது தண்டனை.

அதற்கு ஒரு முன்கதை இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பும் ஆறு உள்ளே வந்தது. அன்றைக்கு அவரிடம் நாலு ஏக்கர். தண்ணீர் வடிந்த மறுநாளே இறங்கினார். ஆள் வைத்தார், வண்டி வைத்தார், ஒன்பதே நாளில் வயலைத் துடைத்து வைத்த தட்டு மாதிரி ஆக்கினார். மிதந்து வந்த மரத்துண்டுகளை நீள வாரியாக அடுக்கினார். வேலிக்குப் புதுக் கம்பி இழுத்தார். பதினோராவது நாள் ஆய்வாளர் வந்தார். வரப்பில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மரத்துண்டுகளைக் காட்டி, "விறகு வியாபாரமும் உண்டா?" என்று கேட்டார். தாளில் ஒரே வரி எழுதினார்: ‘சேதம் எதுவும் காணப்படவில்லை.’

ஆள்கூலியும் வண்டிக்கூலியும் கொடுக்கச் சாலையோரத்து ஏக்கரை விற்க வேண்டியதாயிற்று.

"சுத்தம் சோறு போடும்பாங்க" என்றார் அவர் மனைவி. "எங்க வீட்டுச் சுத்தம் ஒரு ஏக்கரத் தின்னுட்டு ஏப்பம் விட்டுச்சு."

அவர் மறுக்கவில்லை. "தப்பு என்னுதுதான். வெள்ளம் வந்த வயல விருந்தாளி வர்ற வீடு மாதிரி வச்சிருந்தா அந்த மனுசன் வேற என்ன எழுதுவாரு?"

இந்த வருஷம் மறுபடி வெள்ளம். மிச்சம் மூன்று ஏக்கரிலும் மணல். இன்னொரு தடவை கைக்காசு போட்டால் அந்த மூன்றிலும் ஒன்று போகும். அதனால் இந்தத் தடவை அவர் மண்வெட்டியை எடுக்கவில்லை. தண்ணீர் வடிந்த அன்றே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். நான் விதியைப் படித்துச் சொன்னேன். "எதையும்னா?" என்று கேட்டார். "எதையும்" என்றேன். தலையாட்டினார். போகும்போது கதவோரம் கோணல்மாணலாக நின்ற குடைகளைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றே பயிற்சியைத் தொடங்கிவிட்டார் போலிருந்தது.

ஆற்றங்கரையில் எண்பதுக்கு மேற்பட்ட வயல்கள், ஆய்வாளர் ஒருவர். இவர் முறை வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தது.

அந்த வயலை நான் முதலில் பார்த்தபோது, இவ்வளவையும் ஆறு எங்கிருந்து திரட்டியது என்று தோன்றியது. முழங்காலளவு சாம்பல் நிற மணல். அதில் வேரோடு ஒரு மரம், சுருண்ட வேலிக்கம்பி, இரண்டு டயர்கள், கவிழ்ந்த ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கதவு. நிலையோடு பெயர்ந்து வந்து, அடிப்பாகம் மணலில் இறங்கி, நட்டுவைத்தது போல நின்றது. வெள்ளம் வந்த பக்கம் மணல் அணைத்திருந்தது, மறுபக்கம் தண்ணீர் குடைந்த பள்ளம். நாதாங்கியில் பூட்டுத் தொங்கியது. சுவர் இல்லை, கூரை இல்லை, பூட்டிய கதவு மட்டும்.

அது வலது பக்கம் சாய்ந்திருந்தது.

"ரெண்டு விரக்கடை" என்றார் தூக்குக்குண்டு. அளந்தீர்களா என்று கேட்டேன். "குண்டத் தொங்கவிட்டா கை சும்மா இருக்காதும்மா. கண்ணாலயே பாத்தேன்."

அவருடைய கட்டில் ஜன்னலுக்கு நேராக இருந்தது. கண் விழித்தால் முதலில் தெரிவது அந்தக் கதவு. மூன்றாம் நாள் கட்டிலைத் திருப்பிப் போட்டார். காலை காப்பியை வயலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து குடித்தார். நான்கு பக்கமும் கயிறு கட்டி, யாரும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொண்டார். ஆடு இறங்கினால் ஓடினார். பந்து விழுந்தால் எடுத்துத் தரமாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, கடையில் புதுப் பந்து வாங்கிக் கொடுத்தார்.

பெரிய தொல்லை மச்சானிடமிருந்து வந்தது. மனைவியின் தம்பி டிராக்டர் ஓட்டுகிறவர். முன்னால் மண் தள்ளும் தகடு மாட்டிய டிராக்டர். வாரம் ஒரு முறை அதை வரப்போரம் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், ஆசை காட்டுவார்.

"மாமா, ஒரு பகல் வேலை. சாயங்காலம் நீங்க பாத்தி கட்டலாம்."

"போ மாப்ள."

"அந்த ஆளு வர்றதுக்குள்ள ஆறே இன்னொரு தடவ வந்துட்டுப் போயிடும்."

"வந்தா வரட்டும். அதும் தொடக் கூடாதுன்னு சொல்லி அனுப்பறேன்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் வெங்காய நாற்று வளர்ந்துகொண்டிருந்தது. ஆய்வு நாள் தோராயமாகத் தெரிந்ததும் கணக்குப் பார்த்து விதைத்திருந்தார். எட்டு வாரம் தாண்டினால் நாற்று முற்றிவிடும். நட்டாலும் கிழங்கு பிடிக்காது. தினமும் காலையில் ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கை கழுவுவார்.

மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. மாமா வயலில் பூட்டிய கதவு நிற்கிற கதையைப் போன ஊரிலெல்லாம் சொன்னார். அது ஆற்றின் மேல்பக்கத்து ஊர்கள் வரை போய், ஒரு நாள் அங்கிருந்து ஒரு தையல்காரி வந்து நின்றார். அன்று ஒரு கையெழுத்து வாங்க நானும் அங்கே போயிருந்தேன். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா. கயிற்றுக்கு வெளியே நின்றபடி கையை நீட்டினார்.

"அது என் கதவு."

"இருக்கலாம்மா."

"இருக்கலாம் என்ன இருக்கலாம்? என்னுதுதான்." இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். தூக்குக்குண்டு தடுப்பதற்குள் கயிற்றைத் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய நடந்து, பூட்டில் சாவியைப் போட்டார். திறந்தது. நாதாங்கியை விலக்கிக் கதவைத் தள்ளினார். பள்ளத்தின் பக்கம் அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது. அந்தப் பக்கமும் மணல்தான், தூரத்தில் ஆறு. அவர் நிலையைத் தாண்டி உள்ளே போனார். ‘உள்ளே’ என்றுதான் எழுத வருகிறது. ஒரு கணம் அங்கே நின்றார். திரும்ப வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

பிறகு அவரே சிரித்துவிட்டார். "பழக்கதோஷம். வெளிய வந்தா பூட்டாம வர முடியல."

தூக்குக்குண்டு சிரிக்கவில்லை. நிலையோரத்திலிருந்து சரிந்த இரண்டு கைப்பிடி மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து அதை அள்ளி, விழுந்த இடத்திலேயே திரும்பப் போட்டார்.

"உங்க கதவுதாம்மா. இல்லேங்கல. ஆனா ஆபீசர் பாக்காம எடுத்தா எனக்கு மானியம் போயிடும். இதுக்கு முன்னாடி ஒரு ஏக்கர் போயிருக்கு. ரெண்டு மாசமா அத நேரா வைக்கக்கூட நான் கை வைக்கல."

"எனக்கு வாசல்ல ஓட்டைதாண்ணே இருக்கு. நாற்காலியப் போட்டு அதுலயே உக்காந்து தூங்கறேன். எவனாச்சும் மிஷினத் தூக்கிட்டுப் போனான்னா நான் எதை வச்சுப் பொழைக்கிறது?"

இருவரும் சொன்னது நியாயம். இருவருக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் சண்டை வளரவில்லை.

"அந்த நாடாவக் குடுங்க" என்றார் தூக்குக்குண்டு.

அளவு நாடாவை வாங்கிக்கொண்டு போய், நிலையின் மேல் படாமல் ஒரு விரல் தள்ளிப் பிடித்து, உயரமும் அகலமும் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்ப் பின்பக்கத்துக் கதவை அளந்தார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ரெண்டு இஞ்சு கம்மி. ஒரு சட்டம் வச்சு அடிச்சிரலாம்."

மனைவிக்குப் புரிய கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் கையிலிருந்த கரண்டியை எங்கோ வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாத்துக்கம்மா. நீயும் இந்த மாதிரி ஒரு ஆளக் கட்டிக்காத."

ஆனால் மறுநாள் பின்பக்கத்துக் கதவை நிலையோடு பெயர்க்கும்போது மறுமுனையைப் பிடித்தது மனைவிதான். மச்சானின் டிராக்டரில் ஏற்றினார்கள். மச்சானுக்குத் தாங்கவில்லை.

"மாமா, வயல்ல நிக்கிற ஊரான் கதவுக்குக் காவல் இருந்துகிட்டு, சொந்த வீட்டுக் கதவப் பேத்துக் குடுக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

"பாத்து ஓட்டு. கண்ணாப்பின்னான்னு ஓட்டினா சட்டம் கோணிக்கும்."

தையல்காரியின் வாசலில் அதைப் பொருத்திச் சுற்றிப் பூசி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. இடையில் காரை காயும்வரை உட்கார்ந்திருக்கச் சொன்னபோது, மேசையில் சிதறிக் கிடந்த நூல்கண்டுகளையெல்லாம் தூக்குக்குண்டு நிற வாரியாக அடுக்கிவிட்டார். தையல்காரி கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். "ரொம்ப நன்றிண்ணே. கறுப்பு நூலு எங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க."

இவர் வீட்டுப் பின்வாசலில் ஒரு சாக்குத்துணி தொங்கியது. கோழிகளுக்கு அது கதவாகவே தெரியவில்லை. ஒரு நாள் மடித்து அடுக்கியிருந்த சட்டைகளின்மேல் ஒன்று முட்டையிட்டுவிட்டுப் போனது. மனைவி அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். "கோவப்படாதீங்க. நல்லாப் பாருங்க, சரியா நடுவுலதான் போட்டிருக்கு."

ஆய்வாளர் வந்தது நாற்றின் ஆறாவது வாரத்தில். போன தடவை வந்த அதே ஆய்வாளர். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், கையில் அளவுக்கோடு போட்ட இரும்புக் கம்பி. அவர் சொல்லச் சொல்லப் படிவத்தை நிரப்ப நானும் கூடப் போனேன். நல்ல மனிதர், ஆனால் ஒரே பல்லவி. "கண்ணால பாக்காதத நான் எழுத மாட்டேன்."

வயலைப் பார்த்ததும் நின்றார். "உங்கள எனக்கு ஞாபகம் இருக்கு. போன தடவ இங்க ஒரு காஞ்ச இலைகூட இல்ல."

"ஆமா சார்."

"இந்தத் தடவ?"

"பாருங்க சார். எல்லாம் வச்சது வச்சபடி."

ஆய்வாளர் இருபது இடங்களில் கம்பியை இறக்கி ஆழம் பார்த்தார். நான் எழுதினேன். வேலி எழுதினேன், கரை எழுதினேன், மரம், டயர். தூக்குக்குண்டு பின்னால் கை கட்டியபடி எங்கள் காலடித் தடங்களிலேயே காலை வைத்து நடந்து வந்தார். படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தோம். ஆய்வுக்கு முன் சேதப் பகுதியில் ஏதேனும் மாற்றப்பட்டதா? ஆம், இல்லை. ஆம் என்றால் மனு மேல்குழுவுக்குப் போகும். அங்கிருந்து திரும்ப இரண்டு மாதம். நாற்றுக்கு இருந்தது இரண்டு வாரம். இதை நான்தான் அவருக்கு முன்பு சொல்லியிருந்தேன்.

"எதையாச்சும் தொட்டீங்களா?" என்று ஆய்வாளர் கேட்டார். அவர் கேட்கும்போதே ‘இல்லை’ பக்கம் என் பேனா போய்விட்டது.

"தொட்டேன் சார்."

வரப்பில் நின்ற மனைவி கண்களை மூடிக்கொண்டார். மச்சான், "அடக் கடவுளே" என்று தலையில் கை வைத்தார்.

"அந்த நீல வாளி. கவுந்து கெடந்துச்சு. ஒரு நாள் காலையில என்னையும் மீறி நிமித்திட்டேன். அப்புறம் பயந்துபோயி, மணல்ல வட்டத் தடம் இருந்துச்சு, அதுமேலயே பழையபடி கவுத்துட்டேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "இன்னொண்ணு. கதவுக்குச் சொந்தக்காரம்மா வந்து திறந்து பாத்தாங்க. ரெண்டு கைப்பிடி மண்ணு சரிஞ்சுது. அள்ளி அங்கயே போட்டேன். அவ்வளவுதான் சார்."

"இத எதுக்குச் சொல்றீங்க?" ஆய்வாளர் கேட்டார். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கேட்டீங்களே சார்."

ஆய்வாளர் மணலில் நடந்து போனார். வாளியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"வெள்ளம் விட்டுட்டுப் போனப்ப வாளி எப்படி இருந்துச்சு?"

"கவுந்து சார்."

"இப்ப?"

"கவுந்துதான்."

"கதவு?"

"பூட்டியிருந்துச்சு. இப்பவும் பூட்டித்தான் இருக்கு."

"மண்ணு?"

"விழுந்த இடத்துலயே."

"அப்ப எதுவும் மாறல." என்னிடம் திரும்பினார். "இல்லைன்னு எழுதுங்க. நான் கண்ணால பாத்துட்டேன்."

எழுதினேன். என் கையெழுத்து அன்று அவ்வளவு நேராக இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பும்போது ஆய்வாளர், "அந்தக் கதவ அன்னைக்கே அந்தம்மாகிட்ட குடுத்திருக்கலாமே. அடுத்தவங்க பொருள் குப்பைக் கணக்குல வராது. விதியிலயே இருக்கு, பின்பக்கத்துல" என்றார்.

விதித்தாளின் பின்பக்கத்தை நான் தூக்குக்குண்டுக்குப் படித்துக் காட்டியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தூக்குக்குண்டு ஆய்வாளரைப் பார்த்து, "இப்பவே எடுத்துரலாமா சார்?" என்றார்.

"எடுக்கலாம். மண்ண மட்டும் தொடாதீங்க. அதுக்கு அனுமதிக் கடிதம் வரணும்."

"மண்ணத் தொடாம கதவ எப்படி சார் தோண்டி எடுக்கிறது?"

ஆய்வாளர் கதவைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். பூட்ஸில் ஒட்டியிருந்த மணலைக் கம்பியால் தட்டினார். "அப்பக் கடிதம் வரட்டும்" என்றார்.

அவர் போன பிறகு தூக்குக்குண்டு என் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களாம்மா? நீங்க பின்பக்கத்தப் படிச்சிருந்தாலும் கதை இதேதான்." என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. தபாலில் போட்டால் இன்னும் மூன்று நாள் ஆகும். நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் மேட்டில் நாற்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "படிங்க" என்றார். படித்தேன். மணல் அகற்றவும், கரை கட்டவும், வேலி நடவும் மானியம் அனுமதிக்கப்பட்டிருந்தது. வேலையை அன்றே தொடங்கலாம்.

"பின்பக்கமும் படிச்சிருங்க."

திருப்பிக் காட்டினேன். வெறும் தாள்.

"ம்" என்றார். கடிதத்தை வாங்கி, மடிப்பு மடிப்பின்மேல் விழும்படி நான்காக மடித்து மனைவியிடம் கொடுத்தார். மனைவி அதை மறுபடி பிரித்து, படிக்கத் தெரிந்தும் தெரியாதவரைப் போல நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் மச்சான் டிராக்டரோடு வந்துவிட்டார், தையல்காரியை இடப்பக்கம் ஏற்றிக்கொண்டு. அவர் கையில் சாவி. முதலில் கதவு, அப்புறம் மணல் என்று முடிவானது. கடப்பாரை, மண்வெட்டி, கயிறு எல்லாம் இறங்கின. மச்சான் கயிற்றின் ஒரு நுனியை டிராக்டரில் கட்டிவிட்டு, மறு நுனியோடு கதவை நோக்கி நடந்தார்.

தூக்குக்குண்டு கையை உயர்த்தினார். "இரு மாப்ள."

மணலில் இறங்கி, கதவின் முன்னால் போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து குண்டை எடுத்து நூலை அவிழ்த்தார். நிலையின் மேல்மூலையில் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார். பித்தளை வெயிலில் ஆடி ஆடி ஓய்ந்தது. நூலுக்கும் நிலைக்கும் நடுவே மேலே ஒரு விரல் இடைவெளி, கீழே மூன்று.

"மாமா, இன்னும் அஞ்சு நிமிஷத்துல அதப் புடுங்கப்போறோம்!"

அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. மண்வெட்டியால் ஒரு பக்கம் மணலைக் கொஞ்சம் விலக்கினார். தோளை நிலைக்குக் கொடுத்து மெல்லத் தள்ளினார். அடியில் ஒரு கல்லைக் காலால் நகர்த்தி முட்டுக் கொடுத்தார். மறுபடி நூல். மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல்.

தையல்காரி எதுவோ சொல்ல வந்தார். மனைவி அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

தூக்குக்குண்டு இரண்டடி பின்னால் வந்து, அந்தக் கதவை ஒரு மூச்சு நேரம் பார்த்தார். பிறகு நூலைச் சுற்றிக் குண்டைப் பையில் போட்டுக்கொண்டு, மச்சானிடம் கயிற்றுக்காகக் கையை நீட்டினார்.